விட வேண்டியது எது?

கி.பி. 1095-ஆம் ஆண்டு. பாக்தாத் நகரின் புகழ்பெற்ற நிஸாமிய்யா கல்விச்சாலையில் மாணவர்கள் கூடியிருந்தனர். அவர்களுடைய ஆசிரியர் அன்று எப்படியாவது ஒரு பாடமேனும் நடத்திவிட வேண்டும் என்று எண்ணி வந்து அமர்ந்தார். பேச முயன்றார், நா எழவில்லை. தர்க்கத்தில் எவராலும் வெல்ல முடியாதவர் என்று பெயர் பெற்ற அவரால் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்க இயலவில்லை. சில நாட்களில் உணவும் உள்ளே செல்ல மறுத்தது. உடல் மெலிந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்தனர். நோயின் வேர் உடலில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது; உள்ளத்தின் பாரம் இறங்கினாலன்றி மருந்தால் பயனில்லை என்று கூறி அவர்கள் கைவிட்டனர்.

அந்த ஆசிரியர் இமாம் கஸ்ஸாலி. அப்போது அவருக்கு வயது 37. பிற்காலத்தில் 'அல்-முன்கித் மினல் ளலால்' என்ற தமது சுயசரிதை நூலில் இந்த நிகழ்ச்சியை அவரே எதையும் மறைக்காமல் எழுதிவைத்தார். கல்வி, புகழ், செல்வம், அரசவையின் மதிப்பு ஆகிய அனைத்தும் கைகூடியிருந்த ஒருவருக்கு மனஅமைதி மட்டும் ஏன் கிட்டவில்லை? அமைதியை நாடுபவன் உலகில் எதை விட வேண்டும்? வீட்டையா, பொருளையா, பதவியையா? அல்லது இவை எல்லாவற்றிற்கும் பின்னால் நின்று இவற்றை 'எனது' என்று பற்றிக்கொண்டிருக்கும் ஒன்றையா? கஸ்ஸாலியின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு விடை தேடிய வாழ்க்கை.

புகழின் உச்சியில்

இன்றைய ஈரானின் வடகிழக்கில் உள்ள தூஸ் நகரில் 1058-இல் கஸ்ஸாலி பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மரணத் தறுவாயில் தந்தை தம் இரு மகன்களையும், தம்மிடமிருந்த சிறு தொகையையும் ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்தத் தொகை தீர்ந்ததும், ஏழையான அந்த நண்பர், உணவும் உறைவிடமும் கிடைக்கும் மத்ரஸா ஒன்றில் சேர்ந்து படிக்குமாறு சிறுவர்களுக்கு ஆலோசனை சொன்னார். வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வி தம்மை இறைவனிடம் இழுத்துச் சென்றதைப் பின்னாளில் கஸ்ஸாலி நினைவுகூர்வதுண்டு.

நிஷாபூரில் ஜுவைனி என்ற பேரறிஞரிடம் அவர் பயின்றார். 1085-இல் ஆசிரியர் மறைந்த பின்னர், செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஸாமுல் முல்க்கின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அமைச்சரின் அவையில் நடந்த வாதங்களில் கஸ்ஸாலி அறிஞர் பலரை வென்றார். 1091-இல் பாக்தாத் நிஸாமிய்யாவின் தலைமைப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 33. ஏறத்தாழ 300 மாணவர்கள் அவரிடம் பயின்றனர். மார்க்கச் சட்டத்தில் அவர் சொல் மதிக்கப்பட்டது. தத்துவவாதிகளின் கருத்துகளை மறுத்து அவர் எழுதிய நூல் அறிஞர் உலகை அதிரச் செய்தது.

இதற்கிடையே 1092-இல் நிஸாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். சில வாரங்களில் சுல்தான் மாலிக் ஷாவும் மறைந்தார். பேரரசே தம் கையில் என்று இருந்தவர்கள் ஒரே ஆண்டில் இல்லாமற் போனதை கஸ்ஸாலி கண்ணெதிரே கண்டார்.

பக்திப் போர்வையில் ஒரு பற்று

இந்நிலையில் அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: 'இந்தப் போதனை யாருக்காக?' அவர் கற்பித்தது வணிகமோ போர்க்கலையோ அன்று. இறைவனைப் பற்றிய கல்வி. இறைவன் வகுத்த நெறியைப் பற்றிய கல்வி. அதைவிட உயர்ந்த தொழில் வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் தம் நோக்கத்தை ஆராய்ந்து பார்த்தபோது, தம்மை இயக்கியது இறைவன் மீதுள்ள அன்பு அன்று, பதவியும் பெயரும் பரவ வேண்டும் என்ற ஆசையே என்று அவர் கண்டுகொண்டார்.

கஸ்ஸாலியின் துன்பத்தைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். பொருளின் மீதுள்ள பற்று வெளிப்படையானது. பிறரும் அதைக் காண்பர், உடையவனும் ஓரளவு அறிவான். நற்செயலின் உள்ளே ஒளிந்திருக்கும் பற்று அப்படிப்பட்டதன்று. அது தொழுகையின் வடிவில் வரும். தொண்டின் வடிவில் வரும். உலகப் பற்றை விட வேண்டும் என்று பிறருக்குப் போதிக்கும் போதனையின் வடிவிலும் வரும். அதை அடையாளம் காண்பது கடினம். கண்ட பின்னர் விடுவது அதைவிடக் கடினம்.

ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர் உள்ளத்தில் போராட்டம் நீடித்தது. பாக்தாதை விட்டுச் செல்வது என்று ஒருநாள் உறுதிகொள்வார். மறுநாள் அந்த உறுதி குலையும். இத்தனை பெரிய பதவியை உதறிவிட்டுப் பின்னர் வருந்தினால் திரும்பக் கிடைக்குமா என்று மனம் வாதிடும். வாதத்தில் பிறரை எல்லாம் வென்றவர் தம் மனத்தின் வாதத்திற்கு முன் தோற்று நின்றார். இறுதியில் நாவும் அடங்கியது. முடிவு எடுக்கும் ஆற்றல் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்து அவர் இறைவனிடம் சரணடைந்தார். அதன் பின்னரே பதவியும் பொருளும் சுற்றமும் விட்டுச் செல்வது தமக்கு எளிதாயிற்று என்று அவர் குறிப்பிடுகிறார்.

இஸ்லாம் கூறும் பற்றின்மை

உலகப் பற்றிலிருந்து விலகி நிற்கும் பண்பை இஸ்லாமிய மரபு 'ஸுஹ்து' என்கிறது. உலகைக் குறிக்க அரபு மொழியில் வழங்கும் 'துன்யா' என்ற சொல்லின் வேரில் 'அருகில் உள்ளது' என்ற பொருள் உண்டு. கண்ணுக்கு மிக அருகே பிடித்த சிறு நாணயம் சூரியனையே மறைத்துவிடும். நாணயத்தின் மீது குற்றமில்லை; அது பிடிக்கப்பட்டுள்ள இடமே குற்றம். ஸுஹ்து என்பது அந்த நாணயத்தைக் கண்ணிலிருந்து அகற்றி அதற்குரிய தூரத்தில் வைப்பது என்று கொள்ளலாம்.

இல்லறத்தையும் உழைப்பையும் கைவிட வேண்டும் என்று இஸ்லாம் விதிக்கவில்லை. நபிகள் நாயகத்தின் தோழர்கள் இருவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும். ஸல்மான் என்பவரையும் அபூதர்தா என்பவரையும் நபிகள் நாயகம் சகோதரர்களாக இணைத்துவைத்திருந்தார். ஒருநாள் ஸல்மான் தம் சகோதரரின் இல்லத்திற்குச் சென்றார். அங்கே அபூதர்தாவின் மனைவி தம்மைப் பேணிக்கொள்ளாமல், பழைய ஆடையில் சோர்ந்து காணப்பட்டார். காரணம் கேட்டபோது, தம் கணவருக்கு இவ்வுலகில் நாட்டமே இல்லை என்று அந்த அம்மையார் சொன்னார்.

சிறிது நேரத்தில் வந்து சேர்ந்த அபூதர்தா விருந்தினருக்கு உணவு படைத்தார். தாம் நோன்பு நோற்றிருப்பதாகக் கூறினார். அவர் உண்ணாமல் தாமும் உண்ணப்போவதில்லை என்று ஸல்மான் கூறிவிட்டார். அது கடமையான நோன்பு அன்று; ஆகவே அபூதர்தா விருந்தினருடன் அமர்ந்து உண்டார். இரவு படுத்த சிறிது நேரத்திற்கெல்லாம் அவர் தொழுகைக்கு எழுந்தார். ஸல்மான் அவரை உறங்கச் சொன்னார். மீண்டும் எழுந்தபோது மீண்டும் தடுத்தார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் ஸல்மானே அவரை எழுப்ப, இருவரும் சேர்ந்து தொழுதனர். பின்னர், இறைவனுக்கு உன்மீது உரிமை இருப்பது போலவே உன் உடலுக்கும் உன் குடும்பத்திற்கும் உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதை உரியவாறு கொடு என்ற கருத்தை ஸல்மான் அவருக்கு எடுத்துரைத்தார். இதை அபூதர்தா நபிகள் நாயகத்திடம் தெரிவித்தபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று நாயகம் உறுதிப்படுத்தினார்.

அபூதர்தாவின் பக்தியில் பொய் இல்லை. ஆனால் அவருடைய பற்றின்மைக்கு உரிய விலையை அவர் மனைவி செலுத்திக்கொண்டிருந்தார். தன்னுடையதை விடுவது துறவு. பிறருக்குரியதை விடுவது கடமை தவறுதல். இவ்விரண்டையும் பிரித்தறிவதே பற்றின்மையின் முதற்பாடம்.

பயணமும் அதன் நிழல்களும்

1095-ஆம் ஆண்டின் இறுதியில் கஸ்ஸாலி பாக்தாதை விட்டுப் புறப்பட்டார். தம் பொருளைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தார். ஆனால் தமது தேவைக்கும் குழந்தைகளின் வாழ்க்கைக்கும் போதுமான அளவை ஒதுக்கிவைத்தார். ஸல்மான் உணர்த்திய உரிமையை அவர் மறக்கவில்லை.

அப்பயணத்தில் நிழல்களும் இருந்தன. மக்காவுக்குச் செல்வதாகவே அவர் வெளியில் சொன்னார். சிரியாவில் தங்கிவிடுவதே அவர் உள்ளத்தின் எண்ணம். உண்மையைச் சொன்னால் கலீஃபாவும் நண்பர்களும் தடுப்பார்கள் என்ற அச்சத்தால் மறைத்ததாக அவரே எழுதுகிறார். அரசியல் கொந்தளிப்பும், நிஸாமுல் முல்க்கின் கொலைக்குப் பின் எழுந்த அச்சமும் அவரை வெளியேறத் தூண்டியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

அவ்வாறு இருந்திருந்தால் அவருடைய துறவு மதிப்பிழந்துவிடுமா? மனிதனுடைய எந்தப் பெரிய முடிவும் ஒரே நோக்கத்திலிருந்து பிறப்பதில்லை. அச்சமும் களைப்பும் கலந்திருப்பதால் அதிலுள்ள உண்மை பொய்யாகிவிடாது. முதலடி எந்தக் காரணத்தால் எடுத்துவைக்கப்பட்டது என்பதைவிட, அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் கலப்படம் நீங்கியதா என்பதே முக்கியம்.

திமிஷ்கு நகரில் உமையாக்கள் கட்டிய பெரிய பள்ளிவாசலின் கோபுரத்தில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பகல் முழுவதும் அவர் தியானத்தில் இருப்பார். ஜெரூசலத்திலும் அவ்வாறே தனித்திருந்தார். ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தில் 1096-இல் மூன்று உறுதிகளை மேற்கொண்டார்: அரசரின் பணத்தை ஏற்பதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, வெற்றிக்காக வாதிடுவதில்லை. மூன்றும் அவருடைய பழைய வாழ்க்கையின் மூன்று தூண்கள். பின்னர் ஹஜ் கடமையை நிறைவேற்றினார்.

அதன் பின் என்ன நடந்தது? குழந்தைகளின் நினைவு அவரை ஊருக்கு இழுத்தது. திரும்பி வந்தார். தூஸில் தனிமையைப் பேண முயன்றார். குடும்பக் கவலைகளும் அன்றாடத் தேவைகளும் அந்தத் தனிமையைக் கலைத்தன. உள்ளத்தின் முழுத் தெளிவு இடையிடையே மட்டுமே தமக்குக் கிட்டியது. ஆனாலும் நம்பிக்கையை இழக்காமல் மீண்டும் மீண்டும் அதனை நாடியதாக அவர் எழுதுகிறார். ஒரே தாவலில் கரை சேர்ந்ததாக அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. குடும்பத்தில் இருந்துகொண்டு இறைவனை நாடும் எவருக்கும் இந்த ஒப்புதல் பெரிய ஆறுதல்.

மூன்று படிகள்

இந்த ஆண்டுகளில் அவர் இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' என்ற பெருநூல் 40 பகுதிகளைக் கொண்டது. வறுமையையும் பற்றின்மையையும் பற்றி அதில் ஒரு தனிப்பகுதி உண்டு. பற்றற்றவர்களை அவர் அங்கே மூன்று படிகளில் வைக்கிறார்.

முதற்படியில் இருப்பவனுக்கு உலகின் மீது ஆசை இருக்கிறது. அவன் போராடி விலகி நிற்கிறான். இரண்டாம் படியில் இருப்பவன் போராட்டமின்றி விட்டுவிடுகிறான்; ஆனால் தான் விட்டதை அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். 'எவ்வளவு பெரியதை விட்டேன்' என்ற எண்ணத்தில் அவன் விட்டது வேறு வடிவில் அவனிடமே திரும்பிவருகிறது. மூன்றாம் படியில் இருப்பவனுக்கோ, தான் எதையேனும் விட்டோம் என்ற நினைவே எழுவதில்லை. ஓட்டாஞ்சில்லைக் கொடுத்து மாணிக்கத்தைப் பெற்றவன், 'நான் ஒரு தியாகம் செய்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவானா?

இதற்கும் அப்பால் ஒரு நிலையை அவர் காட்டுகிறார். பொருள் வந்தால் மகிழ்ச்சியும் இல்லை, வராவிடில் வருத்தமும் இல்லை. வெறுத்து ஓடுவதும் இல்லை. ஆற்றங்கரையில் வாழ்பவன் நீரைக் கண்டு எப்படி இருப்பானோ அப்படி. அவனுக்கு நீரின் மீது பேராசை எழாது, பகையும் எழாது. தேவைக்குப் பருகுவான், கேட்பவர்க்கு மறுக்க மாட்டான். செல்வத்தை வெறுப்பவனும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது கஸ்ஸாலி சுட்டும் நுட்பமான உண்மை.

இதற்கு உதாரணமாக அவர் அன்னை ஆயிஷாவைக் குறிப்பிடுகிறார். ஒருமுறை அன்னைக்கு ஒரு லட்சம் திர்ஹம் அன்பளிப்பாக வந்தது. அன்றே அத்தனையையும் ஏழைகளுக்கு வழங்கிவிட்டார். அன்று அவர் நோன்பு நோற்றிருந்தார். ஒரு திர்ஹத்தை வைத்துக்கொண்டிருந்தால் நோன்பு திறக்க இறைச்சி வாங்கியிருக்கலாமே என்று பணிப்பெண் கேட்டாள். முன்பே நினைவூட்டியிருந்தால் செய்திருக்கலாமே என்று அன்னை இயல்பாகச் சொன்னார். இறைச்சி கூடாது என்று அவர் சொல்லவில்லை. தியாகம் செய்த பெருமிதமும் அவரிடம் இல்லை. தமக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்குத் தோன்றவேயில்லை, அவ்வளவுதான்.

கஸ்ஸாலிக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின், டெல்லியில் இதே நிலையை மக்கள் நேரில் கண்டனர். 1325-இல் மறைந்த ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவின் இருப்பிடத்திற்குக் காணிக்கைகள் வெள்ளமென வந்தன. வந்த வேகத்திலேயே அவை ஏழைகளுக்குச் சென்றன. நாள்தோறும் பலர் பசியாறினர். அவரோ நோன்பிலேயே பெரும்பாலான நாட்களைக் கழித்தார். வைகறையில் உணவு வைத்தால், நகரின் பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத்திண்ணைகளிலும் பசியோடு படுத்திருப்பவர்களை நினைத்து, அந்த உணவு தொண்டையில் இறங்காமல் தவித்தார் என்பது அவர் சீடர் மரபில் வழங்கும் செய்தி. பற்றற்ற உள்ளம் வறண்டுபோவதில்லை. 'எனக்கு' என்ற சுவர் இடிந்த இடத்தில் பிறருடைய துயரம் தடையின்றி உள்ளே வருகிறது.

திரும்பி வருதல்

கஸ்ஸாலியின் வாழ்வில் கடைசிச் சோதனை 1106-இல் வந்தது. நிஸாமுல் முல்க்கின் மகனும் அமைச்சருமான ஃபக்ருல் முல்க், நிஷாபூர் கல்விச்சாலையில் மீண்டும் கற்பிக்க வருமாறு அவரை அழைத்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் விட்டுச் சென்ற அதே தொழில். அரசின் ஆதரவில் நடக்கும் அதே வகைக் கல்விச்சாலை. ஏற்றால் ஹெப்ரோனில் எடுத்த உறுதி என்னாவது? மறுத்தால், சமயத்தில் நம்பிக்கை தளர்ந்து நிற்கும் மக்களுக்கு யார் வழிகாட்டுவது?

இவ்விடத்தில் அவர் மறுபடியும் தம்மையே விசாரிக்கிறார். தனிமையிலேயே இருக்கத் தாம் விரும்புவது இறைவனுக்காகவா, அல்லது சோம்பலாலும், ஓய்வின் இன்பத்தாலும், மக்களின் தொல்லையிலிருந்து தப்பிக்கும் ஆசையாலுமா? ஒரு காலத்தில் பதவியின் பெயரால் பற்றிக்கொண்ட அகந்தை, இப்போது தனிமையின் பெயரால் பற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? பாக்தாதில் இருந்தபோது புகழை விடுவது துறவாக இருந்தது. தூஸில் இருந்தபோது தம் நிம்மதியை விடுவதே துறவாயிற்று. உள்ளத் தூய்மை மிக்க சான்றோர் சிலரிடம் கலந்து ஆலோசித்த பின்னர் அவர் நிஷாபூருக்குச் சென்றார்.

வெளிப்பார்வைக்குத் தாம் பழைய இடத்திற்கே திரும்பியது போலத் தோன்றினாலும் உண்மையில் திரும்பவில்லை என்று அவர் விளக்குகிறார். முன்பு அவர் கற்பித்தது பதவியை ஈட்டித் தரும் கல்வி. இப்போது கற்பிப்பது பதவியாசையை விடச் செய்யும் கல்வி. இதையும் தம் சாதனையாக அவர் கூறவில்லை. தம் இலக்கை அடைவோமா என்பது தமக்குத் தெரியாது என்ற பணிவோடு அந்தப் பகுதியை முடிக்கிறார்.

ஒருவன் தன்னைப் பற்றித் தானே கூறுவது போதிய சான்றாகாது. நல்வாய்ப்பாக இன்னொருவரின் சாட்சியமும் உள்ளது. நிஷாபூரைச் சேர்ந்த அப்துல் ஃகாஃபிர் அல்-ஃபாரிஸி என்ற அறிஞர் கஸ்ஸாலியை இரு பருவங்களிலும் அறிந்தவர். இளமையில் கஸ்ஸாலி தம் அறிவின் செருக்கால் பிறரைத் துச்சமாக மதித்ததை அவர் கண்டிருந்தார். திரும்பி வந்தவரிடம் தென்பட்ட பணிவை அவர் முதலில் நம்பவில்லை. பாசாங்கு என்றே எண்ணினார். பலமுறை சென்று பழகி ஆராய்ந்த பின்னரே, தாம் நினைத்தது தவறு, இந்த மாற்றம் உண்மையானது என்று பதிவுசெய்தார். முன்பு தம்மால் புண்பட்டவர்கள் நடுவே திரும்பி வாழ்ந்து, அவர்களுடைய ஐயத்தைப் பொறுமையால் கரைத்ததே கஸ்ஸாலியின் பற்றின்மைக்குக் கிடைத்த சான்று. கோபுரத்தின் தாழிட்ட அறையில் அந்தச் சான்று கிடைத்திருக்காது.

பின்னர் அவர் தூஸுக்கே மீண்டார். தம் இல்லத்தின் அருகே ஒரு சிறு கல்விச்சாலையும், சாதகர்கள் தங்க ஓர் இடமும் அமைத்து, கற்பிப்பதிலும் வழிபாட்டிலும் நாட்களைக் கழித்து 1111-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அமைதி எங்கே?

மனஅமைதியை நாடுபவர்களில் பெரும்பாலோர் இடத்தை மாற்ற விரும்புகின்றனர். இந்த வேலை போனால் அமைதி, இந்த ஊரை விட்டால் அமைதி, பொறுப்புகள் தீர்ந்தால் அமைதி என்று எண்ணுகின்றனர். கஸ்ஸாலி இடத்தை மாற்றினார். அது அவருக்குத் தேவையாகவும் இருந்தது. ஒரு நோயாளி சில காலம் வீட்டை விட்டு மருத்துவமனையில் இருக்க வேண்டியது போன்றது அது. ஆனால் நலம் பெற்றதற்கு அடையாளம், அவன் வீட்டிற்குத் திரும்பி முன்பு செய்த வேலையை மீண்டும் செய்வதே.

அந்தத் திரும்புதலை ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்கலாம். செய்த நன்மைக்கு வேறொருவர் பெயர் பெறும்போது உள்ளம் என்ன செய்கிறது? பிள்ளைகள் தான் வகுத்த வழியில் செல்லாதபோது அன்பு குறைகிறதா? கொடுத்ததை மறக்க முடிகிறதா? வழிபாட்டு நேரத்தில் வீட்டார் உதவிக்கு அழைத்தால் எரிச்சல் எழுகிறதா? பதில் சாதகமாக இல்லாவிட்டால் சோர்வடைய வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு பற்று இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது; போராட்டம் தொடங்கிவிட்டது. கஸ்ஸாலியின் கணக்குப்படி அதுவே முதற்படி.

பேச நா எழாமல் பாக்தாதில் தவித்த அந்த ஆசிரியர், பல ஆண்டுகளுக்குப் பின் நிஷாபூரில் மீண்டும் மாணவர்கள் முன் அமர்ந்து பேசினார். இம்முறை அவர் நா தடைப்படவில்லை. பேசுபவர் யார் என்று உலகம் அறிய வேண்டும் என்ற ஆசை அவரிடம் அடங்கியிருந்தது.